உப்பு படாத வண்டிகள்

ஊரில் மற்றவர்கள் ஆசைப்பட்டுக் கார் வாங்குவார்கள். என் மாமா ஜெனோன் ப்ரூக்னிக் கோபப்பட்டு வாங்குவார். அவருடைய தகரக் கொட்டகையில் நிற்கும் ஏழு வண்டிகளில் ஒன்றைத் தவிர எதுவும் சமாதானமாக வந்து சேர்ந்ததில்லை.

ஏழும் எண்பதுகளில் வந்தவை. ஏழிலும் இரண்டே கதவு, ஏழிலும் டர்போ. மூன்று கறுப்பு ப்யூக், இரண்டு ஃபோர்டு, இரண்டு டாட்ஜ். டர்போ என்றால் என்ன என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். "எஞ்சின் வெளியே துப்புற புகையை விடாம பிடிச்சு, அதை வச்சு ஒரு காத்தாடியைச் சுத்தவிட்டு, அந்தக் காத்தாடியால எஞ்சினுக்குள்ளேயே காத்தைத் திணிக்கிறது" என்றார். அவரையே அவர் விவரித்த மாதிரி இருந்தது. மாமாவிடமிருந்தும் எந்தக் கோபமும் வெளியே போய்த் தொலைவதில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, இன்னும் வேகமாக உள்ளேயே வந்துவிடும்.

தண்டர்பேர்ட் வந்த கதையைக் கேளுங்கள். எங்கள் கவுன்ட்டி கண்காட்சியில் ஆகஸ்ட் மாதம் ஒரு பந்தயம் நடக்கும். பழைய கார்களைச் சேற்றில் இறக்கி, ஒன்றோடு ஒன்று மோதவிட்டு, கடைசியாக எது நகர்கிறதோ அதற்குக் கோப்பை. மாமா கையில் சோளக்கதிரோடு வேலியோரம் நின்றிருக்கிறார். கதவில் மஞ்சள் பெயின்ட்டால் எண் எழுதிய ஒரு தண்டர்பேர்ட் சேற்றில் இறங்குகிறது. ஓட்டுகிறவன் செத்துப்போன ஒரு பல்வைத்தியரின் மகன். மாமா வேலியைத் தாண்டினார். போய் வண்டிக்கு முன்னால் சேற்றில் உட்கார்ந்துகொண்டார்.

"அது டர்போடா. உங்கப்பன் உன்னைவிட நல்லா வளர்த்திருக்கான் அதை."

ஒலிபெருக்கிக்காரன் சிரித்தான், கூட்டம் ஊளையிட்டது, யாரோ பீர் டப்பாவை எறிந்தார்கள். மாமா எழுந்திருக்கவில்லை. கடைசியில் தன் மீன்பிடிப் படகையும் அதை இழுக்கும் வண்டியையும் அந்த இடத்திலேயே கொடுத்துவிட்டு தண்டர்பேர்டை வாங்கினார். மீன்பிடிப்பது அவருக்கு உயிர். அதற்குப் பிறகு தூண்டிலைத் தொடவில்லை. அந்தக் கோபத்தையும் அந்தப் பையன் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறார்.

டாட்ஜில் ஒன்று கோழிக்கூண்டாக இருந்தது. பின்சீட்டில் வைக்கோல், ஸ்டியரிங்மேல் ஒரு சேவல். "கோழி வளர்க்க உனக்கு மிஷிகன்ல வேற இடமே கிடைக்கலையா?" என்று அதன் சொந்தக்காரரோடு சண்டை போட்டு வாங்கி வந்தார். கோழிகளும் கூடவே வந்தன. வண்டியைச் சுத்தம் செய்ய ஒரு வருடம் ஆனது. அதுவரை தினம் முட்டை.

கோடையில் ஃபிளின்ட் நகரத்தில் பழைய கார்களைக் காட்சிக்கு வரிசையாக நிறுத்தி, பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்வார்கள். மாமாவும் உட்கார்வார், ஊரையே கைது செய்ய வந்தவர் மாதிரி. எட்டு சிலிண்டர் ஆட்கள் அவரைச் சீண்டாமல் போக மாட்டார்கள்.

"ஆறு சிலிண்டர்தானா ஜெனோன்? உங்க பாட்டி ஓட்டின வண்டியா?"

"ஆமா, பாட்டிதான் ஓட்டுவாங்க. உன் வண்டியோட பின்பக்கம் எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியாது. பார்த்ததே இல்ல."

இதைச் சிரிக்காமல் சொல்வார். கேட்டவனும் சிரிக்க மாட்டான். ஒருமுறை அவருடைய ப்யூக்கின் பின்புறத்தில் 'ஓட்டப் பழகுபவர், பொறுத்தருளவும்' என்ற பட்டையை ஒட்டிவிட்டேன். அதோடு ஊரைச் சுற்றிவிட்டு வந்தார். எல்லோரும் மரியாதையாக வழிவிட்டார்கள் என்று அவருக்குச் சந்தோஷம் வந்த ஒரே நாள் அது. அப்புறம் பட்டையைப் பார்த்தார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அதைக் கிழித்துப் போடவும் இல்லை. கருவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் இப்போதும் ஒட்டியிருக்கிறது.

மாமாவுக்கு வேலை பள்ளிக்கூட பஸ் டிப்போவில், பிரேக் பிரிவு. கல்யாணம் நடக்கவில்லை. பெர்னிஸ் என்று ஒரு அம்மா நாலு வருடம் வந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு மழை நாளில், "அந்தக் கறுப்பு வண்டியில கடைக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டார். "மழையிலயா?" என்றார் மாமா. அதோடு பெர்னிஸ் கதை முடிந்தது.

மழைக்கே இந்தப் பாடு என்றால் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதல் பனி விழுந்ததும் கவுன்ட்டி லாரிகள் ரோடெல்லாம் உப்பைக் கொட்டும். பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அதற்கு முன்பே வண்டியை உள்ளே வைத்துவிடுவார்கள். வசந்தத்தில் இரண்டு பெருமழை அடித்து ரோட்டைக் கழுவின பிறகுதான் வெளியே எடுப்பார்கள். உப்புத் தண்ணீர் அடித்தகட்டில் ஏறினால், நாலு குளிர்காலத்தில் காலுக்கடியில் ரோடு தெரியும். அதுவரை நியாயம். மாமா அதற்கும் மேலே போவார். பூட்ஸைக் கொட்டகைக்கு வெளியே கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு உள்ளே போக வேண்டும். பூனைக்குக்கூடப் பாதம் துடைத்துவிடுவார். ஏப்ரலில் மழை ஓய்ந்ததும் ரோட்டில் மண்டியிட்டு, விரலால் தாரைத் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். இது எங்கள் தாத்தா கற்றுக்கொடுத்த வழக்கமாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும்தான். எனக்கு மட்டும் அது வேடிக்கையாக இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

ஏழாவது வண்டிக்கு வருகிறேன். வாங்கியதில் அதுதான் முதல். 1987 கறுப்பு ப்யூக். அதன் பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. எஞ்சின் இல்லை, டர்போ இல்லை, மூளைப் பெட்டி இல்லை. மூக்கு அறுந்த மாதிரி இருட்டுக் குழி. எஞ்சின் ஒரு மைல் தள்ளி, என் சின்ன மாமா காசிமிர் வீட்டு ஷெட்டில் இரும்பு ஸ்டாண்டில் நிற்கிறது.

காஸ் மாமா ஒவ்வொரு ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்திலும் அதற்கு ஒரு கேன் பெட்ரோல் கொடுத்து ஸ்டார்ட் செய்வார். ஊரெல்லாம் வெடி வெடிக்கும்போது அவர் வீட்டிலிருந்து அந்த எஞ்சின் உறுமும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பெரிய மாமாவுக்கு டர்போவின் விசில்கூடக் கேட்கும். கரியில் வாட்டிக்கொண்டிருந்த இறைச்சியை அப்படியே விட்டுவிட்டு கொட்டகைக்குள் போய், அந்தக் காலி வண்டிக்குப் பக்கத்தில் நிற்பார். சத்தம் நின்ற பிறகுதான் வருவார். அதற்குள் இறைச்சி கருகியிருக்கும். அதையே சாப்பிடுவோம்.

வேறு எஞ்சின் போடலாமே என்பீர்கள். அங்கேதான் இந்த ஆட்களின் பைத்தியம் இருக்கிறது. வண்டியின் எண்ணை எஞ்சின் கட்டையிலும் பொறித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அது அந்த வண்டி. இல்லையென்றால் அது சும்மா ஓடுகிற ஒரு பொருள். நல்ல எஞ்சின்கள் எத்தனையோ கிடைத்தன. மாமா ஒன்றைக்கூட உள்ளே இறக்கவில்லை. "அதோடது ஒரு மைல் தள்ளி இருக்கு" என்பார். ஒரு மைல் போய்க் கேட்கவும் மாட்டார்.

இந்தக் கோபத்தின் வேர் என்ன என்று அம்மாதான் எனக்குச் சொன்னாள். அம்மா பெயர் ஹலினா. இரண்டு எருமைகளுக்கும் நடுவில் பிறந்தவள்.

அந்த ப்யூக்கை அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கினார்கள். தாத்தா ப்யூக் எஞ்சின் ஆலையில் வேலை பார்த்தார். தொழிலாளிக்கான தள்ளுபடியை மகன்களுக்காக எழுதிக் கொடுத்தார். நான் பிறப்பதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு மதியம், தாத்தா சோபாவில் உட்கார்ந்தபடியே ஒரு பக்கமாகச் சரிந்தார். வாய் கோணிவிட்டது. வீட்டில் ஜெனோன் மாமா மட்டும். பிக்கப் வண்டி கியர்பெட்டி கழற்றிக் கிடந்தது. ரோடெல்லாம் விழுந்ததும் ஐஸாகிற உறைமழை, அதன்மேல் உப்பு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பனியால் தாமதமாகும் என்றார்கள். காஸ் மாமா வேலையிடத்திலிருந்து போன் செய்து, "ப்யூக்ல தூக்கிப் போட்டுக்கிட்டு கிளம்பு" என்று கத்தியிருக்கிறார். "கோடை டயரு, பின்சக்கரம் தள்ளுற வண்டி, சறுக்கிடும். பள்ளத்துல விழுந்தா ரெண்டு பேரும் போயிடுவோம்" என்றாராம் இவர். ஆம்புலன்ஸ் வந்தது. தாத்தா ஆறு நாள் கழித்து இறந்தார். முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் தேவலாம் என்பாள் அம்மா.

அடக்கம் முடிந்த மறுநாள் காஸ் மாமா சங்கிலிக் கிரேனோடு வந்தார். "சறுக்கும்னு சொன்னானா? பொய். உப்பு படும்னு பயந்தான். அப்பா தள்ளுபடியில வாங்கின வண்டியில அப்பாவை ஏத்த மாட்டேன்னுட்டான். எங்கேயும் போகாத வண்டிக்கு எஞ்சின் எதுக்கு?" என்று கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜெனோன் மாமா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு போல்ட் வரவில்லை என்று காஸ் திணறியபோது, சரியான ஸ்பேனரை எடுத்து நீட்டினாராம்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் முதல் பனி விழுந்த காலையில் ஜெனோன் மாமா வாசலில் ஒரு மூட்டை ரோட்டு உப்பு இருக்கும். சிவப்பு ரிப்பன் கட்டி, பரிசு மாதிரி. யார் வைத்தது என்று யாரும் கேட்டதில்லை. மாமா அதைத் தூக்கி எறிந்ததும் இல்லை. கொட்டகைக்கு வெளியே, தகரத் தாழ்வாரத்தின் கீழ் அடுக்கி வைத்தார். ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை. போன பிப்ரவரியில் அந்த அடுக்கில் என் வயதைவிட ஒரு மூட்டை அதிகம் இருந்தது.

போன பிப்ரவரியில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தலைமையாசிரியரின் நாற்காலி உடற்பயிற்சிக் கூடத்துக் கூரையில் கிடைத்த விவகாரம். அதை விடுங்கள். சும்மா இருந்ததால் அம்மா செய்த போஞ்ச்கியை இரண்டு மாமா வீட்டுக்கும் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது. நோன்புக்கு முன்னால் வீட்டிலிருக்கும் நெய், முட்டை எல்லாம் காலியாக வேண்டும் என்று ஜாம் வைத்துப் பொரிக்கிற உருண்டை. அம்மா அவற்றைப் பீரங்கிக் குண்டு அளவுக்குச் செய்வாள்.

காஸ் மாமா ஷெட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவுக்குப் போகிறார். பனியில்லாத ஊர், உப்பே போடாத ரோடு. எஞ்சின்மேல் போட்டிருந்த துணியை விலக்கியிருந்தார்.

"இது என்ன ஆகும் மாமா?"

"சனிக்கிழமை மதியம் ஓஹையோவிலேருந்து ஒருத்தர் வர்றார். கொடுத்துடப் போறேன்."

"பெரிய மாமாகிட்ட சொல்லலையா?"

"நீ போய்ச் சொல்லு. அவனுக்குன்னா காசே வேணாம்னு சொல்லு. உப்பு ரோட்டுல அந்த வண்டியில ஒண்ணை ஓட்டிக்கிட்டு என் வாசலுக்கு வந்தான்னா, சும்மாவே தூக்கிக் கொடுத்துடுவேன்." போஞ்ச்கியைக் கடித்தார். ஜாம் முகவாயில் வழிந்தது. "வரமாட்டான். அவனெல்லாம் உப்புப் போட்டுச் சாப்பிடறவனா? செத்தாலும் வரமாட்டான். இதெல்லாம் அவன்கிட்ட போய் உளறாதே, சும்மா சொன்னேன்."

பல வருடமாக நான்தான் இவர்களுக்கு நடுவே சேதி கொண்டுபோகிறேன். எதைக் கொண்டுபோகலாம், எதை வழியில் போட்டுவிடலாம் என்பது என் பொறுப்பு. இந்த முறை முன்பாதியைக் கொண்டுபோனேன். பின்பாதி ஒரு மைல் பனியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

ஜெனோன் மாமா தன் வீட்டுச் சமையலறையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். சொன்னேன். கையிலிருந்த காபிக் கோப்பையை மெதுவாக மேஜையில் வைத்தார். அவர் எதையாவது மெதுவாக வைத்தால் நாம் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது நல்லது.

"ஓஹையோக்காரனுக்கா?"

"ஆமா மாமா."

"என் எஞ்சினை?"

"பாதி அவனோடது அண்ணே" என்றாள் அம்மா.

"பாதியா? எந்தப் பாதி? மேல் பாதியா, கீழ் பாதியா? பிஸ்டனா, டர்போவா? எனக்கு நிபந்தனை போடறானா அவன்? பிக்கப் எடுத்துக்கிட்டுப் போய் ஷெட்டை உடைச்சுத் தூக்கிட்டு வர்றேன் பாரு."

"போ. நான் போலீஸுக்குப் போன் பண்றேன். ரெண்டு பேரையும் ஒரே அறையில போடச் சொல்றேன்."

"நீ அவன் பக்கம்."

"நான் எவன் பக்கமும் இல்ல." அம்மா எழுந்தாள். மருத்துவமனைச் சீருடையில் இருந்தாள், இரவு வேலை முடித்து வந்தவள். "அப்பா சரிஞ்ச அன்னிக்கு நான் வயித்துல இவளைச் சுமந்துக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டிருந்தேன். என்னை ஒருத்தனும் கேக்கல. அப்பா உங்க ரெண்டு பேருக்கு மட்டுமா அப்பா? அவன் எஞ்சினைக் கட்டிக்கிட்டு அழறான், நீ ஓட்டை வண்டியைக் கட்டிக்கிட்டு அழறே. நான் எதைக் கட்டிக்கிட்டு அழறது?"

மாமா ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தார். "சறுக்கும்" என்றார் கடைசியில். "அன்னிக்கும் அதைத்தான் சொன்னேன். சறுக்கும்."

"அப்ப விடு. ஓஹையோ போகட்டும்."

வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க உறைமழை பெய்தது. சனிக்கிழமை காலை நான் போனபோது மாமா கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே நின்றிருந்தார். இரண்டாவது கறுப்பு ப்யூக்கின் உறை விலக்கியிருந்தது. பேட்டரி மாட்டியிருந்தது. முகத்தைப் பார்த்தால் தூங்கின மாதிரித் தெரியவில்லை.

கொட்டகையிலிருந்து ரோட்டுக்கு ஒரு ஏற்றம். அது கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. மாமா உப்பு போடுகிற ஆள் இல்லை, மணல்தான் போடுவார். மணல் மூட்டையும் ஈரத்தில் உறைந்து பாறையாகிவிட்டிருந்தது. வண்டியை வெளியே எடுத்தார். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. பின்னுக்கு வந்து மறுபடி முயன்றார். வண்டி குறுக்காகத் திரும்பி கதவுத் தூணுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. இறங்கினார். ஏற்றத்தைப் பார்த்துத் திட்டினார். போலிஷ் மொழியில் அவருக்குத் தெரிந்தது பிரார்த்தனையும் வசவும் மட்டும். இரண்டையும் கலந்து அடித்தார். அப்புறம் தாழ்வாரத்தைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். பதினெட்டு சிவப்பு ரிப்பன்கள் வெளுத்துப்போய்த் தொங்கின.

போய் ஒரு மூட்டையை இழுத்தார். அது எத்தனையோ கோடையின் ஈரத்தைக் குடித்துக் கல்லாகியிருந்தது. சம்மட்டியை எடுத்து அடித்தார். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடியில் பிளந்தது. அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு வசவு. "இந்தா உன் உப்பு. இந்தா உன் ரிப்பன். அரிசோனாவாம் அரிசோனா." பூனையின் பாதத்தைத் துடைக்கிற அதே கையால் உப்பை அள்ளி அள்ளி ஏற்றம் முழுக்க வீசினார். எனக்கு வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் வாயில் ஏதாவது நக்கல் வரும். வரவில்லை. ஒரு வாளியை எடுத்துக்கொண்டு நானும் வீசினேன்.

ஐஸ் வெடிக்கிற சத்தம் கேட்டது. காத்திருந்தோம். மாமா பூட்ஸைக் கழற்றவில்லை. உப்புப் பூட்ஸோடேயே ப்யூக்கில் ஏறி உட்கார்ந்தார்.

"ஏறு கழுதை. கதவை மெல்லச் சாத்து."

இந்த முறை சக்கரம் பிடித்தது. ஏற்றத்தில் எஞ்சின் உறும, டர்போ மெல்ல விசிலடிக்க, ரோட்டுக்கு வந்துவிட்டோம். கவுன்ட்டி லாரி அப்போதுதான் போயிருக்க வேண்டும். ரோடெல்லாம் வெள்ளைச் சேறு. அது அடித்தகட்டில் போய் அறையும் சத்தம் ஒவ்வொன்றும் மாமாவின் தோளில் தெரிந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வைப்பர் போட்டார். வழியில் ஒரே ஒரு வளைவு உண்டு, பள்ளத்தை ஒட்டி. அங்கே வேகத்தைக் குறைத்தார். வண்டி அப்படியே திரும்பியது, ரயில் மாதிரி. அதுவரை திட்டிக்கொண்டே வந்தவர் அந்த வளைவுக்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன்.

காஸ் மாமா வாசற்படியில் செருப்போடு நின்றிருந்தார். விசிலைக் கேட்டிருப்பார். அந்தச் சத்தத்தை அவர் வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

கறுப்பு வண்டி இடுப்பு வரை வெள்ளையாகி நின்றது. மாமா இறங்கிக் கதவை ஓங்கிச் சாத்தினார்.

"வந்துட்டேன். எடு எஞ்சினை."

"எதுக்கு இதுல வந்தே?" என்றார் காஸ் மாமா. நிஜமாகவே பதறின குரல். "மூளை இருக்கா உனக்கு? வண்டியைப் பாரு."

"நீதானே வரச் சொன்னே?"

"நான் எப்ப சொன்னேன்? வரமாட்டான்னுதான் சொன்னேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் காஸ் மாமாவின் தபால் பெட்டியை முதல்முறை பார்ப்பது போல் பார்த்தேன். நல்ல தபால் பெட்டி.

காஸ் மாமா படியிறங்கி வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். கதவின் அடிப்பாகத்தை விரலால் வழித்தார். நாக்கில் வைத்தார். அவருக்கும் இந்தப் பழக்கம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

"உப்புதான்" என்றார்.

"நீ கொடுத்தது" என்றார் ஜெனோன் மாமா. "ஏத்தத்துல எல்லா மூட்டையையும் கொட்டிட்டேன்."

"வச்சிருந்தியா எல்லாத்தையும்?"

மாமா பானெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சறுக்கல காஸ்."

"என்ன?"

"சறுக்கும்னு சொன்னேன்ல அன்னிக்கு. அதே கோடை டயருதான் போட்டிருக்கேன். ஒரு மைல் வந்தேன். அந்த வளைவுலகூட." அவர் குரல் கோபமாகத்தான் இருந்தது. யார்மேல் என்பதுதான் மாறியிருந்தது. "ஒரு தடவைகூட சறுக்கல."

காஸ் மாமா இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை வருடமும் எஞ்சினைப் பிடித்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். கிடைத்ததும் அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முகம் சிவந்தது. எழுந்து நின்று அண்ணன்மேல் பாய்வது போல் கத்தினார்.

"அன்னிக்கு ஐஸ் இதைவிட ஜாஸ்தி. முட்டாள் மாதிரிப் பேசாதே. அன்னிக்கு லாரியே வரல, ரோட்டுல உப்பே இல்ல. நான் வேலையிலிருந்து வர்றப்ப ரெண்டு தடவை பள்ளத்துல இறங்கிட்டேன். உனக்கு என்ன தெரியும்? நீ சோபா பக்கத்துல உக்காந்திருந்தே."

"உப்பு போட்டிருந்தாங்க."

"போடல."

"நான் ஜன்னல்ல பார்த்தேன்டா. போட்டிருந்தாங்க."

"போடலைன்னு சொல்றேன்ல. மூடு வாயை."

யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. யார் என்பதும் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய்யில் நான் கைவைக்காமல் விட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஓஹையோக்காரர் பெரிய பிக்கப்பில் வந்து இறங்கினார். நீல ஜாக்கெட், சுத்தமான பூட்ஸ். ப்யூக்கைப் பார்த்தார்.

"ஐயய்யோ, இதைப் போய் உப்புல யார் எடுத்தது? இந்த வண்டி வச்சிருக்கத் தகுதியே இல்லாத ஆளுங்க" என்றார்.

ஜெனோன் மாமா திரும்பினார். காஸ் மாமாவும் திரும்பினார். அந்த மனிதரை ஓஹையோ எல்லை வரை நடந்தே துரத்தியிருப்பார்கள். அவருக்குப் பிக்கப் இருந்தது நல்லதாகப் போயிற்று.

எஞ்சினைக் காஸ் மாமாவின் பிக்கப்பில் ஏற்றினார்கள். சங்கிலியை எங்கே மாட்டுவது என்பதில் ஒரு சண்டை, தார்ப்பாயை யார் கட்டுவது என்பதில் ஒரு சண்டை. நடுவில் ஜெனோன் மாமா ஒரு வாளி வெந்நீர் கேட்டார், வண்டியைக் கழுவ.

"இந்தக் குளிர்ல தண்ணி ஊத்தினா கதவு உறைஞ்சு ஒட்டிக்கும். வெயில் வரட்டும்" என்றார் காஸ் மாமா.

"அதுக்குள்ள அரிச்சுடும்டா."

"அரிக்கட்டும்."

மாமா வாளியைக் கீழே வைத்தார். மெதுவாக. நான் பின்னுக்கு நகர்ந்தேன். ஆனால் அவர் வண்டியை ஒருமுறை பார்த்தார், தம்பியை ஒருமுறை பார்த்தார்.

"முதல்ல அதை எங்கேயாவது ஓட்டிக்கிட்டுப் போகணும்" என்றார். "அப்பாகிட்ட. அப்புறம் கழுவிக்கலாம்."

கல்லறைத் தோட்டம் வரை அவர்கள் போட்ட சண்டையைப் பின்சீட்டிலிருந்து முழுக்கக் கேட்டேன். பெரும்பாலும் வைப்பரைப் பற்றி.